பத்து நாள் உட்கார்ந்தவருக்குப் பத்து நிமிடம் ஏன் முடிவதில்லை?

எனக்குத் தெரிந்தவர்களில் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களில் யாரிடமாவது "இன்னும் உட்காருறீங்களா?" என்று கேட்டால் ஒரு அசட்டுச் சிரிப்பு வரும். "எங்கங்க… காலையில நேரமே கிடைக்கறதில்ல." நானும் அந்தச் சிரிப்பைச் சிரித்தவன்தான். முகாமில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கண்ணை மூடி உட்கார்ந்தவன், வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் பத்து நிமிடத்துக்கே நெளிந்தேன். நான்காவது வாரம் உட்காரவே இல்லை.

இதற்கு நாம் உடனே சொல்லும் காரணம் சோம்பல், அல்லது மன உறுதி போதவில்லை என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. பத்து நாள் இருந்த உறுதி பதினோராம் நாள் பஸ் ஏறியதும் எங்கே போய்விடும்? தியானம் செய்யத் தெரிவது ஒரு வித்தை. வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே அதைத் தினமும் செய்யத் தெரிவது வேறு வித்தை. முதலாவதைச் சொல்லிக்கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள். இரண்டாவதை அநேகமாக நாமேதான் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முகாமில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது விளங்கும். விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். 4.30-க்கு முதல் அமர்வு. 6.30-க்குக் காலை உணவு, 11 மணிக்கு மதிய உணவு, மாலை 5 மணிக்கு டீயும் ஏதாவது கொறிக்கவும். இரவுச் சாப்பாடு கிடையாது. 7 மணிக்குச் சொற்பொழிவு, 9.30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். போன், புத்தகம், பேனா எல்லாம் முதல் நாளே கையை விட்டுப் போய்விடும். பத்தாம் நாள் காலை வரை உடன் இருப்பவர்களோடு பேச்சில்லை, சைகைகூட இல்லை. முதல் மூன்றரை நாள் மூக்குத் துவாரத்தருகே மூச்சு வந்து போவதை மட்டும் கவனிக்க வேண்டும். இதற்கு ஆனாபானா என்று பெயர். நான்காம் நாள் விபாசனா தொடங்கும். தலையிலிருந்து கால்வரை உடம்பில் தோன்றும் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனித்துக்கொண்டு போவது அது. சுகமாக இருப்பதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, வலிப்பதைத் தள்ளவும் கூடாது. அப்போதிலிருந்து தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல், கண் திறக்காமல் உட்கார வேண்டும். இவ்வளவுக்கும் கட்டணம் கிடையாது. முகாமை முடித்தவர்கள் விரும்பிக் கொடுப்பதில்தான் அடுத்து வருபவர்களுக்குச் சோறு.

சரி, இதில் நாம் செய்தது என்ன? உட்கார்ந்தது மட்டும்தான். எழுப்பியது மணி. சமைத்தது யாரோ. போனைத் தூக்கி வைத்தது யாரோ. பக்கத்தில் ஐம்பது அறுபது பேர் அசையாமல் இருந்ததால் நாமும் அசையவில்லை. எழுந்து போனால் எல்லாருக்கும் தெரியும் என்ற கூச்சமும் ஒரு காவல்தான். வீட்டுக்கு வந்ததும் இத்தனை காவலும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. உட்காரும் வித்தை மட்டும் தனியாக நம்மோடு பஸ்ஸில் வருகிறது.

இது நமக்குத் தெரியாத விஷயமும் இல்லை. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். வருடம் முழுக்க ஏழரைக்கு எழுந்திருக்கிறவர் விடியும் முன் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். சிகரெட் கிடையாது, கவிச்சி கிடையாது, செருப்புகூடக் கிடையாது. எப்படி முடிகிறது? கழுத்தில் மாலை இருக்கிறது, இடுப்பில் கருப்பு வேட்டி இருக்கிறது, டீக்கடைக்காரர் முதல் மேனேஜர் வரை "சாமி" என்று கூப்பிடுகிறார்கள், தப்பு செய்தால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார், வீட்டில் சமையலே மாறிவிடுகிறது. விரதத்தை அவர் மட்டும் இருப்பதில்லை, தெருவே சேர்ந்து இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும், எத்தனை பேர் மறுநாள் அதே நேரத்துக்கு எழுகிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மண்டலம் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறோம். மாலையைத் தாண்டி எது மிஞ்சுகிறது என்பதைப் பார்த்தால் அந்தக் கணக்கு அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். குடும்பஸ்தர்கள் தினமும் கண்ணை மூடி உட்காருவது ஏதோ ஆதிகாலத்திலிருந்து தொடரும் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விபாசனாவைப் பொறுத்தவரை, இன்றைய வடிவில் அது பெரிதும் ஒரு நூற்றாண்டுச் சரக்கு. பிறந்த இடம் பர்மா. 1885-ல் ஆங்கிலேயர்கள் மாந்தலேயைப் பிடித்து அரசரை நாடு கடத்தினார்கள். புத்த மடங்களுக்கு இருந்த அரச ஆதரவு அத்தோடு போயிற்று. மதம் அழிந்துவிடுமோ என்ற பயம் எங்கும் இருந்த காலத்தில், லெடி சயாடோ (1846–1923) என்ற பிக்கு ஊர் ஊராகப் போனார். மடத்துக்குள் இருந்த சரக்கைச் சாதாரண மக்களுக்குப் புரியும் பர்மிய மொழியில் எழுதினார், பேசினார். தியானம் துறவிகளுக்கு மட்டுமல்ல என்று சொன்னார். அவருடைய மாணவர்களில் ஒருவர் சயா தெட்ஜி. காவி கட்டாதவர், ரங்கூனுக்கு ஆற்றுக்கு அப்பால் வயல் வைத்திருந்த விவசாயி. அவர் ஆசிரியரானது அப்போது சாதாரண விஷயம் இல்லை.

தெட்ஜியின் வழியில் 1937-ல் தியானம் கற்றவர் உ பா கின். இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் இவர்தான். ஏனென்றால் இவர் அரசாங்க உத்தியோகஸ்தர். குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1948 ஜனவரி 4-ல் பர்மா விடுதலை அடைந்தபோது நாட்டின் முதல் தலைமைக் கணக்காயராக ஆனவர். கோப்பு, தணிக்கை, பட்ஜெட் எல்லாம் கையில். அவர் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போகவில்லை. தியானத்தைத் தன் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார், தன் கீழ் வேலை பார்த்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார், 1952-ல் ரங்கூனில் ஒரு தியான மையமும் அமைத்தார். பகலில் கணக்கு, காலையும் மாலையும் மையம்.

அந்த மையத்துக்கு 1955-ல் வந்தவர் எஸ்.என். கோயங்கா. நம் செட்டியார்களைப் போலவே பர்மாவில் வியாபாரம் செய்த மார்வாரிக் குடும்பத்தில் 1924-ல் மாந்தலேயில் பிறந்தவர். பெரிய தொழிலதிபர். ஒற்றைத் தலைவலிக்காக மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தார், வெளிநாட்டு மருத்துவமும் கைகொடுக்கவில்லை. தலைவலி தீரத்தான் வந்தேன் என்று சொன்னதும் உ பா கின் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இது தலைவலி மருந்து இல்லை, மனத்தைச் சுத்தம் செய்யும் வேலை, அதற்காக வருவதானால் வா என்று அனுப்பிவிட்டார். கோயங்கா யோசித்துப் பல மாதம் கழித்துத்தான் போனார். 1969-ல் நோயுற்றிருந்த தாயைப் பார்க்க இந்தியா வந்தார். பம்பாயில் அவர் நடத்திய முதல் முகாமில் பெற்றோரையும் சேர்த்துப் பதினான்கு பேர். 1976-ல் இகத்புரியில் மையம் வந்தது. 1994-ல் திகார் சிறையில் ஒரே நேரத்தில் ஆயிரம் கைதிகளுக்கு மேல் உட்கார்ந்தார்கள். சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் இருக்கும் மையமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

கவனிக்க வேண்டிய இடம் 1955-க்கும் 1969-க்கும் இடையில் உள்ள பதினான்கு வருடம். அத்தனை வருடமும் கோயங்கா குடும்பஸ்தராகத்தான் இருந்தார். ஆனால் குரு அதே ஊரில் இருந்தார். சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம், சேர்ந்து உட்காரலாம். இன்று உலகம் முழுக்க நடக்கும் முகாம்களில் 2013-ல் மறைந்த கோயங்காவின் குரல் பதிவில் ஒலிக்கிறது, உதவி ஆசிரியர்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். பத்து நாள் பாடத்தை அப்படியே எங்கும் எடுத்துப் போக முடிந்தது. மாலையில் ஆபீஸ் முடிந்து எட்டிப் பார்க்கும்படி இருந்த அந்த ரங்கூன் மையத்தைத்தான் எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை.

முகாம் முடியும்போது ஒரு பரிந்துரையும் கிடைக்கும். காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம், வாரம் ஒருமுறை மற்றவர்களோடு சேர்ந்து ஒரு அமர்வு, வருடத்துக்கு ஒரு முகாம். இதில் முதல் இரண்டை மட்டும் தலையில் ஏற்றிக்கொண்டு மூன்றாவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வருகிறோம். இதுதான் பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு மணி நேரம் என்ற கணக்கு பலரைக் கவிழ்க்கிறது. ஒரு மணி நேரம் முடியாத அன்று இருபது நிமிடம் உட்காரலாம் என்று தோன்றுவதில்லை. முழுசாக இல்லையென்றால் வேண்டாம் என்று விட்டுவிடுகிறோம். அப்புறம் குற்ற உணர்ச்சி. அப்புறம் தியானத்துக்கு உட்காரும் மெத்தையைப் பார்க்கவே பிடிப்பதில்லை.

என் அக்கா இந்த முகாம் பக்கமே போனதில்லை. அவள் ஊரில் மனவளக்கலை மன்றம் இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) வகுத்த பயிற்சி அது. தியானத்தை அங்கே தவம் என்றுதான் சொல்வார்கள். ஆக்கினை, சாந்தி, துரியம் என்று படி படியாகப் போகும். புருவ மத்தியில் கவனம் வைத்துச் செய்யும் ஆக்கினை தவத்தில் தலை பாரமாக இருந்தால், சாந்தி தவம் செய்து கவனத்தை முதுகுத்தண்டின் அடிக்கு இறக்கிக்கொள்ளச் சொல்வார்கள். ஏறுவதற்குச் சொல்லிக்கொடுக்கும்போதே இறங்குவதற்கும் சொல்லிக்கொடுத்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. முறை வேறு, தத்துவமும் வேறு. ஆனால் மன்றம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. போகாவிட்டால், "என்னம்மா ரெண்டு வாரமா காணோம்" என்று காய்கறிக் கடையில் யாராவது கேட்பார்கள்.

அக்கா உட்காரும் நேரம் பிரம்ம முகூர்த்தம் இல்லை. காலை எட்டு இருபது. ஸ்கூல் வேன் எட்டு பத்துக்குப் போகும், அத்தான் அதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார். சிங்கில் பாத்திரம் கிடக்கும். அதைத் தொடுவதற்கு முன்னால் மணைப்பலகையைச் சுவரோரம் போட்டுப் பதினைந்து இருபது நிமிடம் உட்காருவாள். நான்கு வருடமாக. நாலரை மணி வீரனான நான் மூன்று வாரம்.

"ஒரு நாள் விட்டுப்போச்சுன்னா என்னக்கா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"என்னத்தப் பண்றது, மறுநாள் உட்காருவேன். ஒரு வேளை சாப்பிடலைன்னா அடுத்த வேளை சாப்பிடாமயாடா இருப்ப?"

அவள் சொன்னதையே லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் வேறு விதமாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 96 பேர் ஆளுக்கு ஒரு புதிய பழக்கத்தை எடுத்துக்கொண்டு தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்து பார்த்தார்கள். காலை உணவுக்குப் பின் இது, இரவு உணவுக்கு முன் அது என்பது போல. யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆனால் சராசரியை விடுங்கள். குறைந்தது 18 நாள், கூடியது 254 நாள் என்பதுதான் பார்க்க வேண்டிய எண். 21 நாள், 48 நாள் என்று யாராவது கறாராகச் சொன்னால் நம்ப வேண்டாம். இன்னொன்று, இடையில் ஒரு நாள் விட்டுப்போவது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. போன் ஆப்பில் நூறு நாள் தொடர்ச்சி காட்டி, ஒரு நாள் விட்டதும் பூஜ்யத்துக்குத் தள்ளுகிறார்களே, அது அக்காவின் கணக்குக்கு நேர் எதிர்.

சரி, உட்கார்ந்த பிறகு என்ன? முதல் வாரம் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு மனசு அடங்கவே மாட்டேங்குது." சும்மா இருப்பது நமக்கு மட்டும் கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு 2014-ல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆட்களை 15 நிமிடம் தனி அறையில் எதுவும் செய்யாமல் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் லேசாக ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கே வேண்டாம், வேண்டுமானால் காசு தருகிறேன் என்று முன்பு சொன்னவர்கள்தான் இவர்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள். தனியாக இருப்பதற்கு ஷாக்கே மேல் என்று தோன்றியிருக்கிறது.

மனம் ஓடும். ஓடியதை எப்போதோ ஒரு நொடியில் கண்டுபிடிப்போம். அந்த நொடிதான் பயிற்சி, ஓடாமல் இருப்பது இல்லை. தறி ஓட்டுகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? பாவு இழை அறும். தறியை நிறுத்தி, அறுந்த முனையைத் தேடி, முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார். இழை அறுந்துவிட்டது, எனக்கு நெசவு வராது என்று யாரும் எழுந்து போவதில்லை. அறுவதும் முடிச்சுப் போடுவதும் சேர்ந்துதான் அந்தத் தொழில். இருபது நிமிடத்தில் முப்பது தடவை முடிச்சுப் போட்டால் அன்றைக்கு வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

உடம்பு விஷயத்தை யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. டைனிங் டேபிளுக்கு மாறிவிட்ட நமக்குச் சம்மணம் இப்போது பாரம்பரியம் இல்லை, வித்தை. முகாமில் மூன்றாம் நாள் பார்த்தால் ஆளாளுக்குத் தலையணைகளை அடுக்கிக் கோட்டை கட்டியிருப்பார்கள். நானும் கட்டினேன். முட்டிக்கு அடியில் ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. எதுவும் உதவவில்லை. வீட்டுக்கு வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது: இடுப்பு உயரமாக இருக்க வேண்டும், முட்டி இரண்டும் தரையைத் தொட வேண்டும். முட்டி மேலே தூக்கிக்கொண்டு நின்றால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு கூன் விழும், பதினைந்தாவது நிமிடம் நடுமுதுகு பிடித்துக்கொள்ளும். கெட்டியான போர்வையை நான்காக மடித்து, அதன் முன் விளிம்பில் மட்டும் உட்காருங்கள், அதன் நடுவில் இல்லை. முட்டி அப்போதும் தரைக்கு வரவில்லையென்றால் இன்னொரு போர்வை. கால் மரத்துப் போனால் பயமில்லை, நரம்பு அழுந்துவதால் வருவது, நீட்டினால் சரியாகிவிடும். மரத்த காலோடு சட்டென்று எழுந்து விழாமல் இருந்தால் போதும். மூட்டுக்குள் குத்துவது போல வலித்தால் அது வேறு. அதோடு மல்லுக்கட்டாமல் நாற்காலிக்குப் போய்விடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் தியானம் குறைந்துவிடாது.

பலன் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதில் வாய்ப்பந்தல் அதிகம். 47 மருத்துவச் சோதனைகளை, மொத்தம் 3,515 பேர், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2014-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவை மிதமாகக் குறைவதற்கு ஓரளவு ஆதாரம் இருந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்றவற்றைவிடத் தியானம் மேல் என்பதற்கு ஆதாரம் இல்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடச் சொல்லும் ஆட்களிடம் இதைச் சொல்லலாம். எல்லாருக்கும் எப்போதும் இது சுகமாகவே இருக்கும் என்பதும் இல்லை. பயம், தூக்கமின்மை, விசித்திர அனுபவங்கள் என்று தியானம் செய்பவர்கள் சந்தித்த சிக்கல்களை பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். பத்து நாள் முகாமின் விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்பது சம்பிரதாயத்துக்கு அல்ல. அங்கே மறைக்க வேண்டாம். வீட்டில் உட்காரும்போது படபடப்பு கூடிக்கொண்டே போனால் கண்ணைத் திறந்து எழுந்து நடங்கள், ஆசிரியரிடமோ டாக்டரிடமோ பேசுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவதால் யாரும் ஞானியாவதில்லை.

நான் மறுபடி தொடங்கியபோது முகாமின் காவல்களில் எவற்றை வீட்டுக்கு இழுத்து வர முடியும் என்று பார்த்தேன். போனை ஹாலில் சார்ஜரில் விட்டுவிட்டு வேறு அறைக்குப் போவது ஒன்று. சனிக்கிழமை மாலை ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நான்கைந்து பேர் சேர்ந்து உட்காருவது இன்னொன்று. நான் வராவிட்டால் அந்த இடம் காலியாகத் தெரியும். மீதி ஆறு நாளும் அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான் ஓடுகின்றன. மூன்றாவது, மணி. அலாரம் வைத்துப் பார்த்தேன், அணைத்துவிட்டுத் தூங்கினேன். எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவது என் வேலை. போடாவிட்டால் குளிக்கத் தண்ணீர் இல்லை, வீடே கத்தும். ஆகவே அதில் கொண்டுபோய்க் கட்டினேன். சுவிட்சைப் போட்டதும் அதே இடத்தில், மின் மீட்டருக்குக் கீழே, போர்வையை விரித்து உட்கார்ந்துவிடுவேன். டேங்க் நிரம்ப ஏறக்குறைய இருபது நிமிடம். வழிந்து சன்ஷேடில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டால் எழுந்து நிறுத்த வேண்டியதுதான்.

சித்திரை, வைகாசியில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிடும், டேங்க் நிரம்ப முப்பத்தைந்து நிமிடம் ஆகும். அந்த இரண்டு மாதமும் என் தியானம் கொஞ்சம் நீளம்.